18 மீட்டருக்குக் கீழே: புதுச்சேரிக் கடலில் ஆழ டைவ் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் டைவ் போக ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடமாகப் புதியவர்களோடு கூடவே இறங்கி, பத்திரமாக ஏற்றிக்கொண்டு வருவதுதான் வேலை. முதல் சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்போது வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஆடும் படகில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனம் வருவதில்லை, அதனால் உட்கார்ந்து எழுதினேன். இதைப் படித்துவிட்டுப் பயிற்சி இல்லாமல் யாரும் இறங்கிவிட வேண்டாம்.

ஆழ டைவ் என்றால் எத்தனை மீட்டர்?

18 மீட்டரைத் தாண்டினால் ஆழ டைவ். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும், அட்வான்ஸ்டு 30 வரைக்கும், அதற்கு மேல் டீப் ஸ்பெஷாலிட்டி பயிற்சி எடுத்தால் 40 வரைக்கும். பொழுதுபோக்கு டைவுக்கு 40தான் கடைசி எல்லை. என்னைக் கேட்டால், நம் கடலில் 30க்குக் கீழே போவதற்கு ஒரு தெளிவான காரணம் வேண்டும். "40 தொட்டேன்" என்று சொல்லிக்கொள்வது காரணம் ஆகாது.

புதுச்சேரியில் அவ்வளவு ஆழம் எங்கே இருக்கிறது? எப்போது போகலாம்?

நம் கரை மெதுவாகத்தான் இறங்குகிறது. 18 மீட்டர் வாக்கில் கல்லும் மரமும் போட்டு உருவாக்கிய செயற்கைத் திட்டு இருக்கிறது. பெரும்பாலானவர்களின் முதல் டைவ் அங்கேதான். இன்னும் கிழக்கே போனால் 30ஐத் தாண்டும் பாறைச் சரிவுகள் வரும். விடியற்காலையில் கிளம்பி, காற்று ஏறுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டு ஓடியது. இப்படி ஆறுகள் கடலில் சேற்றைக் கொட்டும்போது கை நீட்டினால் விரல் தெரியாது. மழை நின்றது என்பதற்காக மறுவாரமே ஆழத்துக்குக் கிளம்ப வேண்டாம். தண்ணீர் தெளிந்த பிறகும் வெள்ளம் அடித்து வந்த மரமும் அறுந்த வலையும் பாறையில் மாட்டிக்கொண்டு கிடக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் இழுவலை பயம் குறைவு. ஆனால் ஃபைபர் படகுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதை மறக்கக் கூடாது.

எந்தச் சாமானை முதலில் வாங்குவது?

முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், மேலே விடும் ஆரஞ்சு மிதவை. இந்த வரிசையில் வாங்குங்கள். ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) பி.சி.டி.யும் (காற்று அடைத்து மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) அப்புறம். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: அழகான ஃபின்ஸ், கேமரா, அதற்குக் கூடு எல்லாம் வாங்கிவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் வாடகைக்குக் கேட்பார்கள். வாடகைக் கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பது 28 மீட்டரில் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை. ஒரு கம்ப்யூட்டரை இருவர் பகிர்ந்துகொள்வதும் கூடாது. உங்கள் உடம்பு எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தது என்பது உங்கள் கையில் கட்டியிருப்பதற்கு மட்டும்தான் தெரியும்.

ஆழத்துக்கு எப்படிப்பட்ட ரெகுலேட்டர் வேண்டும்?

சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலை 'பேலன்ஸ்டு' வகையாக இருக்கட்டும். ஆழம் கூடினாலும் சிலிண்டர் காலியாகிக்கொண்டு வந்தாலும் மூச்சு ஒரே மாதிரி வரும். பேலன்ஸ் இல்லாதது 12 மீட்டரில் நன்றாக இருக்கும். 30 மீட்டரில் சிலிண்டர் குறைந்திருக்கும் நேரத்தில், இருவர் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டால் இழுக்க வேண்டியிருக்கும். அந்தச் சூழ்நிலைக்குத்தானே இதெல்லாம்!

பிராண்டை விட முக்கியம், அதைச் சர்வீஸ் செய்ய ஆள் புதுச்சேரியிலோ சென்னையிலோ இருக்கிறாரா, உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது. வெளிநாட்டிலிருந்து அக்கா வாங்கி அனுப்பிய ரெகுலேட்டர், ரப்பர் வளையம் கிடைக்காமல் இரண்டு வருடம் பையிலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்கிறதோ அதன்படி சர்வீஸ் கொடுங்கள். நம் ஊர் உப்பும் வெயிலும் ரப்பரைச் சும்மா விடாது. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காய வைக்க வேண்டும்.

படகில் உட்கார்ந்து எதைச் சோதிப்பது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். மவுத்பீஸை மெதுவாக இழுத்துப் பாருங்கள், அதைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை நழுவக் கூடாது. ஹோஸ் உலோகத்தில் சேரும் இடத்தை மடக்கிப் பாருங்கள், மெல்லிய வெடிப்பு இருந்தால் அங்கேதான் தெரியும். சிலிண்டர் காற்றை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை, புகை வாடை எதுவாக இருந்தாலும் அந்தச் சிலிண்டர் வேண்டாம். கம்ப்ரஸர் புகையை உள்ளே இழுத்திருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். அதற்கு வாடையே கிடையாது. மேலே தாங்கும் அளவு 30 மீட்டரில் நான்கு மடங்கு வேலை செய்யும்.

அப்புறம், சிலிண்டரின் அழுத்தத்தை 'பார்' அளவில் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து மூச்சு ஆழமாக இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை படகில் உதவிக்கு இருந்த பையன் நல்ல எண்ணத்தில், நான் இறங்குவதற்கு முன்னால் என் வால்வை "சரி பார்த்து" விட்டான். மூடிவிட்டுக் கால் சுற்று மட்டும் திறந்திருந்தான். மேலே மூச்சு நன்றாக வந்தது. 24 மீட்டரில் ஈரத் துணி வழியாக மூச்சு விடுவது போல ஆயிற்று. மீட்டரைப் பார்த்தால், மூச்சை இழுக்கும்போது முள் 150லிருந்து 60க்கு விழுகிறது, விட்டால் மறுபடி 150. பக்கத்தில் என் ஜோடி (கூடவே இறங்கும் துணை) இருந்தார். கையைக் காட்டினேன், பின்னால் வந்து திருப்பிவிட்டார். அவர் பத்து மீட்டர் தள்ளி நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். அன்றிலிருந்து என் வால்வை நான் தொட்ட பிறகு வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

50 பாரில் மேலே வந்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார்களே?

50 பாரோடு படகு ஏறுவது சரி. 30 மீட்டரில் நின்றுகொண்டு 50 பார் இருப்பது சரி இல்லை. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்லலாம். (மீனவர்கள் கடலடிப் பாறையைப் 'பார்' என்பார்கள்; நான் சொல்வது மீட்டரில் இருக்கும் அழுத்த அளவு.)

கணக்குப் போடுவோம். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மொத்தம் 4. மேலே ஒரு நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று எடுப்பவர் அங்கே 80 லிட்டர் எடுப்பார். இப்போது உங்கள் ஜோடிக்குக் காற்று நின்றுவிட்டது, உங்கள் ஆக்டோபஸை (உதவிக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது மவுத்பீஸ்) எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பதற்றத்தில் இருப்பீர்கள், ஆளுக்கு 20 லிட்டர் என்பதே கறாரான கணக்குதான்.

ஒருவரை ஒருவர் பிடித்து, நிதானித்து, கிளம்ப ஒரு நிமிடம்: 40 லிட்டரை 4ஆல் பெருக்கினால் 160. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 30லிருந்து 5 மீட்டருக்கு வர ஏறக்குறைய 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75: அது 330. 5 மீட்டரில் 3 நிமிடம் சேஃப்டி ஸ்டாப் (ஏறும் வழியில் பாதுகாப்புக்காக நிற்பது): 180. அங்கிருந்து மேலே ஒரு நிமிடம்: 50. மொத்தம் 720 லிட்டர். நம் ஊரில் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 720ஐ அதால் வகுத்தால் 65 பார். மீட்டர் கொஞ்சம் தப்பாகக் காட்டலாம், அதனால் நான் 80 என்று வைத்துக்கொள்வேன்.

ஆக, 80 என்பது உங்கள் இருவரையும் உயிரோடு படகில் சேர்க்கும் காற்று. அது உங்களுடைய காற்று மட்டும் கிடையாது, அதில் பாதி உங்கள் ஜோடியுடையது. இறங்குவதற்கு முன் படகிலேயே இந்த எண்ணை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். யாருடைய மீட்டர் முதலில் 80 காட்டினாலும் இருவரும் கிளம்ப வேண்டும். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கூடாது.

அப்படியானால் கீழே எவ்வளவு நேரம் கிடைக்கும்?

குறைவுதான். நிதானமாக மூச்சு விடுபவர் நிமிடத்துக்கு 18 லிட்டர் எடுத்தால் 30 மீட்டரில் 72 ஆகும். 200 பாரிலிருந்து 80 வரை செலவிட 1,332 லிட்டர் இருக்கிறது, அதாவது பதினெட்டு நிமிடம். இறங்கும்போது செலவாவதும் அதிலேதான். 25 லிட்டர் எடுக்கும் புதியவருக்குப் பதின்மூன்று நிமிடம். சாதாரணக் காற்றில் டிகம்ப்ரஷன் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் கட்டாயமாக நின்று வருவது) இல்லாமல் 30 மீட்டரில் இருக்கக்கூடிய நேரம், பயிற்சிப் புத்தக அட்டவணைப்படி 20 நிமிடம். 40 மீட்டரில் 10 நிமிடம் கூட இல்லை. கையைக் காலை அடித்து நீந்தாமல் இருந்தாலே காற்று மிச்சமாகும். மூச்சைப் பிடித்து மிச்சம் பிடிக்கவே கூடாது. மூச்சைப் பிடித்தபடி மேலே ஏறினால் நுரையீரல் கிழியும்.

சின்னக் கூடுதல் சிலிண்டர் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 600 லிட்டர். மேலே போட்ட கணக்கில் ஒருவருக்கு வேண்டியது 360, அதனால் போதும். தெர்மாஸ் அளவுக்கு அரை லிட்டரில் விற்கிறார்களே, அதில் இருப்பது 100 லிட்டர்தான். 30 மீட்டரில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதை நம்பி ஆழத்துக்குப் போக வேண்டாம்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) எடுத்தால் இன்னும் ஆழம் போகலாமா?

இல்லை, குறைவாகத்தான் போக முடியும். ஆக்சிஜன் 32 சதவீதம் உள்ள கலவையில் நைட்ரஜன் குறைவு என்பதால், 30 மீட்டரில் 20 நிமிடம் என்பது சுமார் 30 நிமிடம் ஆகும். ஆனால் அந்தக் கலவைக்கு வழக்கமான எல்லை 33 மீட்டர். 36 சதவீதத்துக்கு 28. எல்லையைத் தாண்டினால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம், பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயில் நிற்காது. சிலிண்டரில் என்ன கலவை என்பதை நீங்களே கருவி வைத்து அளந்து, டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கடைக்காரர் சொன்னார் என்பது போதாது. கம்ப்யூட்டரிலும் அந்த எண்ணை மாற்ற வேண்டும்.

ஆழத்தில் போதை ஏறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நைட்ரஜன் மயக்கம் என்பார்கள். 30 மீட்டர் வாக்கில் பலருக்கும் ஆரம்பிக்கும், சிலருக்கு முன்பே. எனக்கு ஒருமுறை 34 மீட்டரில் வந்தது. மீட்டரைப் பார்த்தேன், 110. தலையைத் தூக்கினேன், எண் மறந்துவிட்டது. மறுபடி பார்த்தேன், 110. மறுபடி மறந்தேன். நான்காவது முறை பார்க்கும்போதுதான், எண்ணைப் படிக்கிறேன், ஆனால் அது எனக்கு எதையும் சொல்லவில்லை என்பது உறைத்தது. பயம் துளியும் இல்லை, சந்தோஷமாகக் கூட இருந்தது. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். ஜோடிக்குக் காட்டிவிட்டு 26க்கு ஏறினேன், தலை தெளிந்தது.

மருந்து அதுதான், ஏறுவது. பழகினால் வராது என்று நம்ப வேண்டாம்; பழகினால் மறைக்கத்தான் தெரியும். திரும்பும் எண்ணைப் படகிலேயே முடிவு செய்யச் சொல்வதும் இதனால்தான். கீழே போய் யோசிக்கும் மூளை, படகில் யோசித்த மூளை கிடையாது.

எடை எவ்வளவு கட்டுவது?

குறைவாக. நம் தண்ணீருக்கு 3 மி.மீ. தடிமன் உள்ள ரப்பர் டைவ் சூட் போதும். ஆழத்தில் சூட் அமுங்கி மிதக்கும் தன்மையை இழக்கும், நீங்கள் கல் போல இறங்குவீர்கள். அதைச் சரிக்கட்டப் பி.சி.டி.யில் காற்று அடைத்தால், ஏறும்போது அதுவே விரிந்து உங்களைத் தூக்கி எறியும். இன்னொரு பக்கம், அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது ஏறக்குறைய 2 கிலோ இலகுவாகும். அதனால் 50 பாரோடு 5 மீட்டரில் அசையாமல் நிற்க எவ்வளவு எடை வேண்டுமோ அதுதான் சரியான எடை. ஆழத்துக்குப் போகும் முன் ஒரு சின்ன டைவின் முடிவில் இதைச் சோதித்துவிடுங்கள்.

கத்தி தேவையா?

காலில் கட்டும் பெரிய கத்தி வேண்டாம். நைலான் நரம்பு அறுக்கும் சின்ன கட்டர் ஒன்று, இரண்டு கையும் எட்டும் இடத்தில். நம் பாறைகளில் அறுந்த வலை நிறைய. மாட்டினால் திரும்பிச் சுற்றாதீர்கள், இன்னும் சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று, ஜோடியை வெட்டச் சொல்லுங்கள்.

மிதவையை எப்போது விடுவது?

சேஃப்டி ஸ்டாப்பிலோ அதற்கு முன்போ. நீரோட்டத்தை நம் மீனவர்கள் நீவாடு என்பார்கள். நீவாடு பலமாக இருக்கும் நாளில் நங்கூரக் கயிற்றை விட்டுவிட்டால், மூன்று நிமிட ஸ்டாப்புக்குள் படகு உங்களைத் தேடும் தூரத்துக்குப் போய்விடுவீர்கள். அலைக்கு நடுவே கறுப்புத் தலை தெரியாது, ஒன்றரை மீட்டர் ஆரஞ்சு மிதவை தெரியும். மேலே ஓடும் ஃபைபர் படகுக்கும் அதுதான் எச்சரிக்கை. மிதவைக் கயிறு சுற்றிய ரீலை உடம்பில் மாட்டிக்கொண்டு விடக் கூடாது, கையில் பிடியுங்கள். சிக்கினால் விட்டுவிடலாம். ஒரு விசிலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடலூரில் தெரிந்த அண்ணன் படகு இருக்கிறது. சிலிண்டர் மட்டும் எடுத்துக்கொண்டு நாங்களே போகலாமா?

தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது. அந்த அண்ணனுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. எந்தப் பார் எங்கே, நீவாடு எப்போது திரும்பும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் குமிழியைப் பார்த்துக்கொண்டு நிற்பது, ஆள் ஏறும்போது இன்ஜினை அணைப்பது, ஆக்சிஜன் கொடுப்பது எல்லாம் தனி வேலை. பழக்கம் இல்லாதவர் உங்களைத் தேடி இன்ஜினைப் போட்டு அருகில் வருவார், புரொப்பெல்லர் உங்கள் தலைக்கு மேல் இருக்கும். ஆக்சிஜனும், இதே வேலையாக மேலே ஓர் ஆளும் இல்லாத படகிலிருந்து 18க்குக் கீழே இறங்க வேண்டாம்.

வெள்ளி இரவு வந்து சனி காலை டைவ் போகலாமா?

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களின் திட்டம் இது. இரவு பஸ்ஸில் தூக்கம் இல்லை, வந்ததும் நண்பர்களோடு குடி, காலை ஆறு மணிக்குப் படகு. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் டிகம்ப்ரஷன் நோய்க்கான (உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி வரும் நோய்) ஆபத்து கூடும் என்று கருதப்படுகிறது. மதுவும் தூக்கமின்மையும் மயக்கத்தைக் கூட்டும். சனிக்கிழமை ஓய்வு, ஞாயிறு டைவ் என்று மாற்றுங்கள். சளி பிடித்திருந்தால் ஞாயிறும் வேண்டாம். காது திறக்க மாத்திரை போட்டு இறங்கினால், கீழே அதன் வேகம் குறைந்து ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும்.

டைவ் முடிந்து எப்போது விமானம் ஏறலாம்?

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18. நம் பக்கத்தில் யாரும் யோசிக்காதது மலை. காலை டைவ் முடித்துவிட்டு மாலையே காரில் ஏற்காடு, ஊட்டி என்று ஏறக் கூடாது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம்தான். மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள்.

மேலே வந்த பிறகு மூட்டு வலித்தால்?

டிகம்ப்ரஷன் நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, தலைசுற்றல், காரணமில்லாத பெரும் சோர்வு, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தெரியும், ஒரு நாள் கழித்தும் வரலாம். என் நண்பர் ஒருவர் முழங்கை வலியைச் சிலிண்டர் தூக்கியதால் வந்தது என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் விரல்கள் மரத்திருந்தன. அழுத்த அறையில் (உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அறை) சிகிச்சை எடுத்துச் சரியானார், ஆனால் ஓர் இரவை வீணாக்கிவிட்டார்.

உடனே படுக்க வைத்து, முகமூடி மூலம் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுங்கள். வலி குறைந்தாலும் நிறுத்த வேண்டாம். மறுபடி தண்ணீரில் இறங்கினால் சரியாகும் என்பது பழைய, ஆபத்தான நம்பிக்கை. கடலில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கரையில் 108. மருத்துவமனையில் முதல் வாக்கியமாக, "ஸ்கூபா டைவ் செய்தேன், இத்தனை மீட்டர், இத்தனை மணிக்கு மேலே வந்தேன்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் தசைப்பிடிப்புக்கு ஊசி போட்டு அனுப்பிவிடலாம்.

பணம் கட்டுவதற்கு முன்பே டைவ் சென்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டுவீர்களா? அழுத்த அறை எங்கே, அதன் தொலைபேசி எண் என்ன? முதல் கேள்விக்கு எழுந்து போய்த் திறந்து காட்டும் இடத்தில் டைவ் செய்யுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டுப் போய் அங்கே என்னதான் இருக்கிறது?

18 மீட்டரில் கலங்கலாக இருக்கும் தண்ணீர், சில நாட்களில் 25க்குக் கீழே திடீரென்று தெளிந்துவிடும். கொஞ்சம் குளிரும். சீலா மீன் கூட்டம் தலைக்கு மேலே அசையாமல் நிற்கும். பாறை இடுக்கில் ஒரு சங்கரா, சாம்பல் நிறத்தில், செத்துப்போன மீன் போல. அந்த ஆழத்துக்குச் சிவப்பு வெளிச்சம் வந்து சேராது. டார்ச்சை அடித்தால் போதும், மீன் அப்படியே செக்கச் செவேல் என்று எரியும். நேற்று வந்தவர் டார்ச்சை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மீட்டரைக் காட்டினேன். அவருடையது 80. கட்டை விரலை மேலே காட்டினார், கிளம்பினோம்.